க்ளோடினின் முறை

மிசௌரி,
4 அக்டோபர் 1982

அன்புள்ள லொரேனா,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். மகள் க்ளோடினின் பள்ளிப் பையிலேயே வைத்து அனுப்புகிறேன். என் கையெழுத்து அவளுக்குப் புரியாது, பயப்படாதே.

வெள்ளிக்கிழமை உன் வகுப்பில் அந்தப் பழைய நாவலை ஆளுக்கொரு பத்தியாக வாசித்தீர்களாம். எங்கள் கறுப்புச் சனத்தை ஏசும் அந்தச் சொல் இவளுடைய பத்தியில் இருந்ததாம். நீ இவளை விட்டுவிட்டு, அடுத்து உட்கார்ந்திருந்த டேனியை வாசிக்கச் சொன்னாயாம். இருபத்தெட்டுத் தலையும் திரும்பி என் மகளைப் பார்த்திருக்கிறது. "எனக்கு ஏதோ தொத்து வியாதி வந்த மாதிரி பாத்தாங்கம்மா" என்கிறாள்.

வேறு வகுப்புக்கு மாற்றச் சொல்லும் படிவத்தை வாங்கிவிட்டேன். வரும் வெள்ளிக்கிழமை கொடுப்பேன். செருப்புத் தொழிற்சாலையில் ஆறு வருஷம் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். உனக்கா இது தெரியாமல் போச்சு?

வெர்டெல்

5 அக்டோபர்

என் வெர்டெலுக்கு,

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் படித்து அழுதேன். கணக்கு வாத்தியார் யாரோ செத்துப்போனதாக நினைத்து எனக்குக் காப்பி வாங்கித் தந்தார்.

அன்று காலையிலேயே பத்திகளை எண்ணிப் பார்த்தேன். எப்படி எண்ணினாலும் அந்தச் சொல் க்ளோடினிடமே வந்து நின்றது. அவள் வாயால் அதைச் சொல்ல வைக்க மனசு வரவில்லை. நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன், சத்தியமாக.

எனக்கு அந்தக் கதை உயிர். கோவேறு கழுதை விற்கும் வெள்ளைக்கார விதவை, தன் அடிமைக் கொல்லனின் உயிரைக் காப்பாற்ற கோர்ட்டில் வேதப்புத்தகத்தில் கைவைத்துப் பொய் சொல்கிறாளே! அது பாவமா புண்ணியமா என்று பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் நீ ஒரு வார்த்தை சொல், புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறேன். பூட்டச் சொல்லி ஏற்கெனவே இரண்டு அப்பாக்கள் தலைமையாசிரியரிடம் சண்டை போட்டிருக்கிறார்கள்.

உன் லொரேனா

6 அக்டோபர்

லொரேனா,

பூட்டச் சொல்லி நான் கேட்டேனா? எப்போதும் நீயே முடிவெடுத்துவிட்டு நீயே அழுவாய்.

புத்தகத்தை நானும் படித்தேன். கழுதை பேரத்தில் நான் சிரித்த சிரிப்பில், என் கடையில் முடி சுருட்ட வந்தவள் காதைச் சூட்டுக்கம்பியால் சுட்டுவிடப் பார்த்தேன். கோர்ட்டில் அந்த விதவை பொய் சொன்னபோது அழுதேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசியில் கொல்லனை அடிமைத்தனம் இல்லாத கனடாவுக்குப் படகேற்றி அனுப்புகிறாளே, அவன் பெண்டாட்டி பக்கத்து ஊரில் இருக்கும்போது! எழுதினவர் அந்த மனுஷனுக்கு முப்பது கோமாளிப் பேச்சு கொடுத்திருக்கிறார், ஒரு கேள்விகூடக் கொடுக்கவில்லை.

க்ளோடின் இதையெல்லாம் ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை வகுப்பில் தானே வாசிப்பாளாம். அந்தச் சொல்லும் அதில் இருக்கிறது. படிவமும் அவள் பையில்தான் இருக்கிறது. கொடுப்பதா வேண்டாமா என்று தானே முடிவு பண்ணுவாளாம். நான் வாயை மூடிக்கொண்டேன். எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

வெர்டெல்

8 அக்டோபர்

என் வெர்டெலுக்கு,

இது நீ கடை மூடும் நேரம், க்ளோடின் இந்நேரம் எல்லாம் சொல்லியிருப்பாள். இருந்தாலும் நான் சொல்லியாக வேண்டும்.

ஒன்பது பக்கமும் நின்றுகொண்டே வாசித்தாள். அந்தச் சொல் வந்த இடத்தில் நிறுத்தி, வகுப்பை ஒரு பார்வை பார்த்து, தெளிவாகச் சொல்லிவிட்டு மேலே போனாள்.

வாசித்து முடித்ததும் டேனி கை தூக்கினான். "அப்போ அந்தம்மா நல்லவங்களா, கெட்டவங்களா?"

"நல்லவங்கதான்டா. அதனால என்ன? உயிரைக் காப்பாத்தினாங்க, ஆனா எங்க போகணும்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே" என்றாள் உன் மகள்.

வெர்டெல், நானும் அவளிடம் கேட்கவில்லை. அதை அங்கேயே, எல்லார் முன்னாலும் அவளிடம் சொன்னேன். உன்னை மாதிரியே புருவத்தைத் தூக்கிப் பார்த்தாள். "அடுத்த தடவை கேளுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு, படிவத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஆப்பிள் பை சுட்டு எடுத்துக்கொண்டு நேரே உன் வீட்டுக்கு வருவதாக எழுதினேன். எழுதியதை அடித்துவிட்டேன்.

வரட்டுமா?

லொரேனா