நாம் அடித்த பெயின்ட்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவி மீட்டர் பெட்டி மேல் இருக்கிறது. நாலு மணிக்கு வீட்டுக்காரர் மகனையும் மருமகளையும் கூட்டி வருகிறார். நாம் காலி செய்ததும் அவர்கள்தான் இங்கே குடிவருகிறார்களாம். வீடு பளிச்சென்று இருந்தால் இன்னும் இரண்டு வருடம் விட்டுவைப்பார் என்று நினைத்தோம். சுவரெல்லாம் கறையாக இருந்த எட்டு வருடமும் ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

அலமாரிக்குப் போட்ட புதுக் கைப்பிடிகளைக் கழற்ற வேண்டாம். பழையதை நான் அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டேன்.

இன்னொன்று. கீழ்வீட்டு டெய்லரைத் திட்டுவதை நிறுத்துங்கள். வீடு புதுசாக மின்னுவதை வீட்டுக்காரரிடம் போட்டுக்கொடுத்தது அவரில்லை. வீட்டுக்காரம்மாவை அறை அறையாகக் கூட்டிப்போய், "இருக்கறதுலயே மலிவான பெயின்ட்டுங்க, சொன்னா நம்புவீங்களா?" என்று பீற்றிக்கொண்டது நான்தான். ஊர் வம்பெல்லாம் பேசுகிற வாய்க்கு இதை நேரில் சொல்ல வரவில்லை.