கடைசிப் பாகம் அண்ணன் கட்டியது

அன்புள்ள அண்ணாவுக்கு,

லிமரிக்கில் நீ சுகமாக இருப்பதாகத் தபால்காரர் சொன்னார். நாம் ஒன்பது வருஷம் பேசாமலிருக்கக் காரணமான அந்த ஜிக் ஆட்ட மெட்டைப் பற்றி ஒரு சேதி. நான்தான் கட்டினேன் என்று நானும், இல்லை நான்தான் என்று நீயும் அப்பாவின் இழவு வீட்டிலேயே கத்தினோமே, அதே மெட்டு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்தில் அதை ஃபிடிலில் வாசித்தேன். கெரி மாவட்டத்திலிருந்து வந்திருந்த கப்னெட் என்ற பெண்மணி, ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"ஏம்மா, இது எங்கம்மா மாடு கறக்கையில பாடுனதாச்சே!"

அப்பா வாலிபத்தில் கெரிக்குக் கிழங்கு தோண்டப் போனவர். அங்கே கேட்டதைத்தான் வீட்டில் சீட்டியடித்திருக்கிறார்; அது சின்ன வயதிலேயே நம் இருவர் காதிலும் ஏறிவிட்டது. எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"ஆனா அந்தக் கடைசிப் பாகம் எங்ககிட்ட இல்லியே. அத யாரு கட்டுனது?" என்றாள்.

அது யாரென்று நாம் சண்டை போட்ட அன்றைக்கே எனக்குத் தெரியும். "எங்க அண்ணன்" என்றேன், ஊர் மொத்தமும் கேட்க.

"அவரு வாசிச்சு ஒருதரம் கேக்கணுமே!"

"ஈஸ்டருக்கு வர்றாரு" என்று சொல்லிவிட்டேன்.

என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

இப்படிக்கு,
உன் தங்கை