குளக்காவலியை நீ எடுத்துக்கொண்டாய்

காலையில் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள். கடைக்கு வரும் வழியெங்கும் புதுவெள்ளத்தின் சேற்று மணம். அதோடு உன்மேல் உள்ள கோபமும் கிளம்பிவிட்டது. நீ இறந்த பிறகும் அது குறையவில்லை.

கிளிநொச்சியில் நாம் இருவரும் கைபேசி திருத்திய அந்தக் கடையின் பின்னறையில், மழை நாட்களில் நண்பர்கள் கூடி விளையாடுவோம். நீ கதையை நடத்துவாய். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டுவோம். பாத்திரங்களின் சக்திகளை உருவாக்குவது என் வேலை. குளத்தைக் காக்கும் பெண்ணான குளக்காவலிக்குக் கண்ணில் நெருப்பு வேண்டுமென்று நீ அடம்பிடித்தாய்.

"நெருப்பை ஆருக்கும் குடுக்கலாம் மச்சான். குளத்தோட வளந்தவளுக்கு என்ன வரும்?" என்று கேட்டேன்.

பல மாலைகள் யோசித்து அவளை உருவாக்கினேன். எந்த வெள்ளத்தையும் கைநீட்டி மறிப்பாள். ஆனால் மறித்த நீரெல்லாம் அவளுக்குள் ஏறும். நிறைந்ததும் திறந்துவிட்டே ஆகவேண்டும். எந்தப் பக்கம் மூழ்கட்டும் என்பதையும் அவளே சொல்லவேண்டும். முதல்முறை அவளாக விளையாடியபோது, கதையில் அவள் வீடிருந்த பக்கமே திறந்தேன். அன்று அதன்பின் பகடையை எடுக்க யாருக்கும் கை வரவில்லை.

"இது எங்கட ரெண்டு பேரின்ரையும் பிள்ளையடா," என்றாய் நீ.

பிரான்சுக்குப் போனபின், அங்குள்ள நண்பர்களோடு விளையாட என்று சொல்லி விதிகளைக் கேட்டாய். ஒவ்வொன்றாகக் குரல்பதிவில் அனுப்பினேன். பிறகு என் உறவினர் ஒருவர் அங்கே கடையில் வாங்கிக் கொண்டுவந்த விளையாட்டுப் பெட்டிக்குள் அவள் இருந்தாள். பெட்டியின்மேல் உன் பெயர் மட்டும். அதைவிட, அவளுக்குள் நீர் ஏறுவதையே எடுத்துவிட்டிருந்தாய். வெள்ளத்தை நிறுத்துகிற யாரோ ஒருத்தி, எதையும் இழக்காதவள்.

தொலைபேசியில் கேட்டேன்.

"உன்ர பேரைப் போட்டா இஞ்ச ஆருக்கடா தெரியும்? அந்த விதியும் ஒருத்தருக்கும் பிடிக்கேல்லை," என்று சிரித்தாய்.

அழைப்பைத் துண்டித்தேன். திரும்ப அழைத்துத் திட்டுவதற்குச் சொற்களைச் சேர்த்துக்கொண்டிருந்தபோதே, உன் நெஞ்சு நின்றுபோன செய்தி வந்தது.

ஜெயபுரத்தில் உன் வீட்டுக்குப் போனேன். உன் படத்துக்கு முன்னால் அந்தப் பெட்டி. உன் அம்மா குளக்காவலியின் அட்டையை எடுத்து என் கையில் வைத்தார்.

"என்ர பிள்ளை தனிய யோசிச்சுச் செய்தது, தம்பி. உங்களுக்கும் சொன்னவனோ?"

அழுது வீங்கிய அந்த முகத்தைப் பார்த்தேன்.

"ஓம் அம்மா," என்றேன். "என்னட்டைத்தான் முதல் சொன்னவன்."

அவளில் நீ எடுத்தது போக மீதியிருந்த என் பங்கையும் அன்று நானே கொடுத்தேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அம்மாவுக்காகச் சொன்னேன். உன்னோடு போட்டு முடிக்காத சண்டை இன்னும் என்னிடமே இருக்கிறது.