மெல்லிய கம்பிகள் கத்துகின்றன

வெள்ளிக்கிழமை, இரவு

நாளை உப்புவெளியில் கல்யாணம். நாங்கள்தான் வாசிக்கிறோம். என் கிட்டாரின் மெல்லிய கம்பிகள் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரிக் கத்துகின்றன.

பின்னேரம் ஒத்திகையில், குழுவை நடத்துகிற நஸீர் நானா பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

"டேய் கஜன், அது கிட்டாரா, பாண்காரன்ட ஓட்டோவா?"

கீச்சென்று பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் பாண், ரொட்டி விற்கிற ஓட்டோவைச் சொன்னார். டிரம்ஸ் அடிக்கிற ரமேஷும் விடவில்லை, மீன் பணிஸ் கேட்டான். "தம்பி, ரெண்டு மாலுபணிஸ் தாங்கோ."

"புதுக் கம்பி நானா. நேத்துத்தான் போட்டனான்."

"நாளைக்கும் இப்பிடிக் கத்தினா நீ வேணாம். கீபோர்ட்ல சமாளிப்பன்."

படிப்பை விட்டதே இந்தக் குழுவுக்காக. இதுவும் போனால் அப்பாவுக்கு என்ன சொல்வது?

துறைமுகக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் நிகழ்ச்சிக்கு முன் புதிது மாட்டுவேன். புதிது கீச்சிடும் என்று தெரியும். ஆனாலும் பழையதை வெட்டி எறிந்துவிட்டேன். மடையன்.

வீட்டுக்கு வந்து அம்ப்பில் ட்ரெபிளைக் குறைத்தேன். கிட்டாரில் டோனையும் குறைத்தேன். கத்தல் போனது, பாட்டும் சேர்ந்து செத்தது. கடைசியில் கம்பியை மீட்டுகிற பிளாஸ்டிக் பிக்கை வீசிவிட்டு, கிட்டாரின் கழுத்துப் பக்கமாகப் பெருவிரல் சதையால் மீட்டினேன். கம்பி இளகிப் பாடியது.

குசினியிலிருந்து அம்மா கத்தினா: "ஓம், இப்பதான் காதுக்குள்ள இறங்குது!"

மெதுவான பாட்டுக்குச் சரி. வேகமான பாட்டுக்குப் பெருவிரல் ஓடவில்லை. விடாமல் பழகினேன். தோல் கிழிந்துவிட்டது. இந்தப் பேனாவைப் பிடிக்கவே எரிகிறது. நாளைக்கு இதே விரலால்தான் வாசிக்க வேண்டும்.