யாரிடமும் சொல்ல வேண்டாம்

ஜூன் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

முக்கியமானதைப் போனில் கேட்கக் கூடாது, எழுதித்தான் கேட்க வேண்டும் என்பது நம் வீட்டுச் சட்டம். எழுதுகிறேன்.

சலவைக் கடை மாடியில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரு தப்பு நடந்துவிட்டது. பிள்ளைகள் பலரிடம் சொந்தப் போன் இல்லை என்பதால், தேர்வு விண்ணப்பத்தில் எல்லாருக்கும் என் எண்ணையே போட்டேன். மோசடி என்று அத்தனையையும் தள்ளிவிட்டார்கள். ஆளுக்கொரு எண்ணோடு மறுபடி போடலாம், பத்தாம் தேதி மாலை வரை. மற்றவர்கள் சித்தி, மாமா என்று யாரையோ பிடித்துவிட்டார்கள். மிச்சம், வாயாடி என்று நாங்கள் கூப்பிடும் பெண் மட்டும். வீட்டிலிருந்த ஒரே போனை அவள் அண்ணன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். தெருவில் யாரும் தரவில்லை. எல்லாருடைய கணக்கையும் திருத்துகிற வாய் அது.

தேறினால் மருந்துக் கடையில் பில் போடும் வேலை. இல்லையென்றால் பேக்கிங் ஷெட். அவள் அப்பா அங்கே சொல்லி வைத்துவிட்டார்.

அப்பாவின் எண்ணைத் தருவீர்களா? போன் உங்களிடமே இருக்கட்டும். அதில் வரும் ரகசிய எண்ணை எனக்குச் சொன்னால் போதும்.

உங்கள் மகள்


ஜூன் 6

அன்பு மகளுக்கு,

உன் கையெழுத்து கெட்டுப் போயிருக்கிறது. அத்தனை பேருக்கும் ஒரே எண்ணைப் போட்டாயே, மேலே இருக்கும் குறிப்பை வாசிக்க மாட்டாயா? முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிக்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

அவர் போன பிறகு அந்தப் போனில் யார் கையும் பட்டதில்லை. தினமும் காலையில் சார்ஜ் போட்டு வைக்கிறேன். ஆனாலும் படிக்கக் கேட்கும் பெண்ணை இல்லை என்று அனுப்ப எனக்கு மனசு வராது. எண்ணைப் போட்டுக்கொள். கண்ணாடியோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

அவளை வாயாடி என்று கூப்பிடாதே.

ஆசிகளுடன்,
அம்மா


ஜூன் 12

அம்மா,

உங்கள் கடிதம் பத்தாம் தேதி மத்தியானம்தான் கைக்கு வந்தது. உடனே அப்பாவின் எண்ணைப் போட்டுவிட்டு உங்களைக் கூப்பிட்டேன். ரகசிய எண் வந்திருக்கிறது என்றீர்கள். ஆனால் இதை யாரிடமும் சொல்ல வேண்டாம், யார் கேட்டாலும், என்று கீழே போட்டிருக்கிறதே என்றீர்கள். நான்தானே கேட்கிறேன் என்றேன்.

"யார் கேட்டாலும் என்றால் நீயும்தான்."

மறுபடி மறுபடி அனுப்ப வைத்தேன். ஒவ்வொரு முறையும் அதே வரியை வாசித்தீர்கள். அத்தனை முறை கேட்டதால் கடைசியில் அப்பாவின் எண் பூட்டிக்கொண்டது. வேறு யாரையும் தேட நேரமில்லை.

ஸ்பீக்கரில் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. "உங்கம்மா சொல்றது சரிதானே மிஸ்? முதல் நாள் பாடமே அதுதானே, நீங்கதானே நடத்துனீங்க" என்று சிரித்தாள். கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்தாள், கீபோர்டைத் துணி போட்டு மூடினாள், போய்விட்டாள். நேற்றிலிருந்து ஷெட்டில் வேலை.

எனக்கு உங்கள் மேல் கோபம்கூட வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மகள்


ஜூன் 16

மகளுக்கு,

போனில் உன் குரல் உன் குரலாகவே இல்லை. அப்படி நீ கத்தி நான் கேட்டதில்லை. யாரோ உன்னைப்போல் பேசி ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தேன். எழுதியிருந்ததை நம்பினேன். வேறு எதை நம்புவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இத்துடன் உன் அப்பாவின் போனைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அடுத்த தேர்வுக்கு அவளுக்கு ஆகும். அவளே வைத்துக்கொள்ளட்டும். படங்களை நான் அழிக்கவில்லை. எப்படி அழிப்பது என்று எனக்குத் தெரியாது.

அவள் நிஜப் பெயரை எழுது.

அம்மா


ஜூன் 25

அம்மா,

போன் வந்தது. ஷெட் வாசலில் காத்திருந்து கொடுத்தேன். அப்பாவின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்து என் கையிலேயே வைத்துவிட்டாள்.

"உள்ள போன் விட மாட்டாங்க மிஸ். வெளிய வச்சா தொலஞ்சுரும். உங்கம்மாவோட பொருளு."

பெயரைக் கேட்டேன், உங்களுக்காக என்று சொல்லி. வாயாடின்னே இருக்கட்டும் என்றாள். ஷெட்டுக்குள் போய்விட்டாள்.

போன் வகுப்பில் அவள் மேஜைமேல் இருக்கிறது. காலையில் நான்தான் சார்ஜ் போடுகிறேன்.

மகள்