அம்மா கல்லறையில் இரண்டு மெழுகுவத்தி

மர்பி டவுன், பெங்களூர் தண்டு
1942 நவம்பர் 3

சேசு மரி சூசை துணை.

ரங்கூனிலிருந்து நடந்து வந்துகொண்டிருக்கும் அன்பு மகன் யூஜினுக்கு, அப்பா மதலைமுத்து ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது. நான் சொல்லச் சொல்ல உன் பெண்சாதி பிரிஜெட் எழுதுகிறாள். பர்மாவுக்குத் தபால் போகாது என்று போஸ்டாபீசில் சொல்லிவிட்டார்கள். சிட்டகாங் பக்கம் போகிற பட்டாளத்துச் சாமியாரிடம் கொடுத்தனுப்புவதாக நம் கோயில் சாமியார் சொன்னதால் எழுதச் சொன்னேன்.

இங்கே தெருவெல்லாம் பட்டாளத்து லாரி. மண்ணெண்ணெய் கிடைப்பது கஷ்டம். வெள்ளைக்காரர் மெஸ்ஸில் எனக்கு மறுபடி வேலை கொடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்தபடி கத்தி, முள்ளுக்கரண்டி துடைக்கிற வேலை. பிரிஜெட் பட்டாளத்துச் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லை.

உன்னோடு மர மில் ஆபீசில் இருந்த சில்வெஸ்டர் ஏப்ரலில் வந்து சேர்ந்தான். அவனைப் பார்த்து அவன் தாயே யாரென்று கேட்டாள். ரங்கூனில் குண்டு விழுந்தபின் இருவரும் சேர்ந்துதான் அரக்கான் மலை ஏறினீர்களாம். காய்ச்சலில் கிடந்த உன்னை ஒரு மூங்கில் குடிசையில் விட்டுவிட்டு வந்தானாம். "நீ முன்னால போடா, குளிரு விட்டதும் வந்துடறேன்" என்று நீதான் அனுப்பினாயாம். நான் நம்பினேன். சின்ன வயதில் அல்சூர் ஏரிக்கரையிலிருந்து கோயில்வரைகூட நீ நடக்கமாட்டாய். பாதியில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போங்கப்பா, வரேன்" என்பாய். நான்தான் திரும்பி வந்து தூக்கிக்கொள்வேன்.

நேற்று கல்லறைத் திருநாள். கல்பள்ளிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் உன் அம்மா கல்லறைக்கு வெள்ளையடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றினோம். சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வரும்போது, பிரிஜெட் முந்தானையிலிருந்து இன்னொரு வத்தியை எடுத்து மண்ணில் நட்டாள். யாருக்கு என்று கேட்டேன். "தெரிஞ்சே கேக்கறீங்களே மாமா" என்றாள். உயிரோடு இருக்கிறவனுக்கா இங்கே வத்தி வைப்பாய் என்று கத்திவிட்டேன். அக்கம்பக்கத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிறுத்திவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். வத்தியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இதை எழுதமாட்டேன் என்கிறாள். எழுது என்கிறேன்.

தன் அப்பா கல்லறையில் நின்றிருந்த சில்வெஸ்டர் பக்கத்தில் வந்தான். ஊர் திரும்பிய நாளாக என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறவன், நேற்று முகத்துக்கு நேராகப் பார்த்தான். "பெரியப்பா, அத ஏத்துங்க" என்றான். அந்தக் குடிசையில் என்ன நடந்ததென்று நான் கேட்கவில்லை.

நான்தான் ஏற்றினேன், யூஜின். காற்றில் இரண்டு தரம் அணைந்தது. கையால் மறைத்துக்கொண்டு நின்றேன். சாமியார் அதன்மேலும் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.

பிள்ளைக்கு இப்படிச் செய்தானே தகப்பன் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வா. வந்து, மண்ணில் நிற்கிற வத்தியின் அடிக்கட்டையை நீயே பிடுங்கிப் போடு. பிரிஜெட் தாலியைக் கழற்றவில்லை. கழற்று என்று நான் சொல்லவுமில்லை.

மாதா உன்கூட நடக்கட்டும். நடக்க முடியாவிட்டால் அங்கேயே உட்கார்ந்துகொள், மகனே. அப்பா திரும்பி வந்து தூக்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா மதலைமுத்து
(கைநாட்டு)