உன் குரலை என் குரல் என்றேன்

இன்று வகுப்பில் என் விரல் ஒரு நொடி தாமதித்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

மூலையில் கண்ணாடி உடைந்த என் பழைய போனை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. நீ ஆங்கிலத்தில் வாசித்த பதினோரு பத்திகள் அதில் இருக்கின்றன. நீ போய் நான்கு வருடமாகிறது. நான் இப்போது வடலூரில், ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் மையம் ஒன்றில் வேலை செய்கிறேன். காதால் கேட்டுப் பதில் எழுதும் பயிற்சிக்கு உன் பதிவுகளைத்தான் போடுகிறேன். போன வாரம் ஒரு பெண், "இது ஒங்க வாய்ஸா மிஸ்? சூப்பரா இருக்கு" என்றாள். "ஆமா" என்று சொல்லிவிட்டேன். வாய் கூசவில்லை.

சுரங்க நகரியத்தில் எங்கள் பிளாக் பூங்காவில் ஞாயிறுதோறும் நாம் ஆறு பேர் கூடுவோமே, நினைவிருக்கிறதா? எல்லாருக்கும் வேலை வேண்டும், வேலைக்கு ஆங்கிலம் வேண்டும். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டு ஐந்து கேள்விக்குப் பதில் எழுதுவோம். வராதவர்களுக்காக என் போனில் பதிவு செய்துவைப்போம். என் அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட். குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான், எல்.கே.ஜி.யிலிருந்தே ஆங்கில வழி. நீ மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டிலிருந்து சைக்கிளில் வருவாய். உன் அப்பாவுக்கு கான்ட்ராக்ட் வேலை. பன்னிரண்டாவது வரை நீ படித்தது தமிழில். இலக்கணத்தில் சண்டை வந்தால் நான் விதியை நம்பர் போட்டுச் சொல்வேன். "எனக்கு விதியெல்லாம் தெரியாது சுதா, இப்படிச் சொன்னாத்தான் காதுக்குச் சரியா படுது" என்பாய் நீ. புத்தகத்தைத் திறந்து பார்த்தால் பாதி நேரம் உன் காதுதான் சரியாக இருக்கும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நான் வாசித்தால் மட்டும் எல்லாரும் "இன்னொரு தடவ" என்பார்கள். நான் வேகமாகப் போய்ச் சொல்லின் வாலை விழுங்கிவிடுவேன். நீ ஒவ்வொரு சொல்லையும் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் அடுத்ததற்கு வருவாய். ஒரே தடவையில் எல்லாரும் எழுதி முடித்துப் பேனாவை மூடிவிடுவார்கள். எனக்கு வயிறு எரியும். நீ தமிழில் "வந்துகினு", "போய்கினு" என்பதை எல்லார் முன்னாலும் அப்படியே பேசிக்காட்டி ஆற்றிக்கொள்வேன். நீயும் சேர்ந்து சிரிப்பாய். அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குப் பொறாமைதான்.

காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று செய்தி வந்த அன்று அழுதேன். பொய்யில்லை. அழுது முடித்ததும் முதலில் தேடியது இந்த போனை. பதிவுகள் பத்திரமாக இருந்தன. இனி இவை எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

ஏழாவது பதிவில் பத்தி முடிந்ததும் நீ என்னிடம் பேசுவது வரும். அதற்கு முன்பே நிறுத்திவிடுவது என் வழக்கம். இன்று வாசலில் யாரோ கூப்பிட, திரும்பிப் பார்த்துவிட்டேன். உன் ஆங்கிலம் முடிந்து உன் தமிழ் வகுப்பு முழுக்கக் கேட்டது.

"ஏ சுதா, ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிகினு இருக்க? புரியலன்னா சொல்லுடி, ஒனக்காக இன்னொரு தடவ படிக்கிறேன்."

பதினைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். போன வாரம் கேட்ட அதே பெண்தான் மெதுவாகக் கேட்டாள்: "சுதா நீங்கதான மிஸ்? அப்ப இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"கேட்டுகினு இருக்கேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு உன் பெயரைச் சொன்னேன். மந்தாரக்குப்பத்தையும் சைக்கிளையும் சொன்னேன். பதில் தாள்களை வாங்கிப் பார்த்தால் அநேகமாக எல்லாருக்கும் ஐந்துக்கு ஐந்து. "நாளைக்கும் அவங்களையே போடுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவங்களையே! எனக்கு இன்னும் வயிறு எரிகிறதடி. இருந்தாலும் போடுகிறேன். நீ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும் இடம் வரை ஓடவிடுகிறேன்.